பவளப்பாறை எப்போ அழிய ஆரம்பிச்சுதுன்னு பழைய ரெக்கார்டு வச்சு எப்படி சொல்றாங்க?

கேள்வி இதுதான்: பவளப்பாறைய ஒழுங்கா அளக்க ஆரம்பிச்சதே 1970, 80கள்லதான், அப்படி இருக்கும்போது அது இருநூறு முந்நூறு வருஷமா அழிஞ்சுட்டு வருதுன்னு எதை வச்சு சொல்றாங்க, மாலுமிங்க எழுதி வச்ச குறிப்பையும் பழைய போட்டோவையும் சயின்ஸ்ல எடுத்துக்கலாமா?

எடுத்துக்கலாம், எடுத்துக்கணும். ஆனா ஒவ்வொரு ரெக்கார்டையும் கைல எடுக்கும்போது "இதை யாரு, எதுக்காக எழுதினாங்க"ன்னு முதல்ல கேக்கணும். ஏன்னா பவளப்பாறையோட நிலைமைய நமக்கு சொல்லணும்னு நினைச்சு அந்தக் காலத்துல யாரும் எழுதல. கப்பல் தட்டக்கூடாதுன்னு எழுதினாங்க, சாப்பாட்டுக்கு ஆமை எங்க கிடைக்கும்னு எழுதினாங்க, பிடிச்ச மீனைப் பெருமையா காட்ட போட்டோ எடுத்தாங்க. அதுக்குள்ள இருந்துதான் நமக்கு வேண்டியத எடுக்கணும். எப்படி எடுக்கிறாங்கன்னு கொஞ்சம் விரிவா சொல்றேன், நீளமா போகும்.

முதல்ல 1970கள்ல இருந்து கணக்கு ஆரம்பிக்கிறதுல என்ன தப்புன்னு பாத்துடலாம். தண்ணிக்குள்ள சிலிண்டர் கட்டிக்கிட்டு மூச்சு விடுற கருவிய பிரான்ஸ்காரங்க கூஸ்டோவும் கக்னானும் 1943ல செஞ்சாங்க. அது ஆராய்ச்சிக்காரங்க கைக்கு வந்து, அவங்க பாறைமேல சதுரம் கட்டி, அதுக்குள்ள உயிரோட எவ்வளவு பவளம் இருக்குன்னு வருஷா வருஷம் எண்ண ஆரம்பிக்க இன்னும் பல வருஷம் ஆச்சு. ஆஸ்திரேலியாவோட ஹெரான் தீவுல 1960களோட ஆரம்பத்துல, கரீபியன்ல குராசாவ் தீவுல 1973ல, ஆஸ்திரேலியாவோட பெரிய பாறைத்தொடரான கிரேட் பேரியர் ரீஃப் முழுக்கன்னு பாத்தா 1980கள்ல. இவங்க முதல் நாள் தண்ணிக்குள்ள இறங்கிப் பாத்தது எதுவோ அதையே "நல்லா இருக்கிற பாறை"ன்னு மனசுல வச்சுக்கிட்டாங்க, வேற என்ன செய்ய முடியும், அதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு அவங்க யாரும் கண்ணால பாத்ததில்ல. மீன்வள விஞ்ஞானி டேனியல் பாலி 1995ல ஒரே ஒரு பக்கத்துல இதை எழுதினார், ஒவ்வொரு தலைமுறை விஞ்ஞானியும் தான் வேலைக்கு சேந்தப்போ இருந்த கடலையே இயல்பான கடல்னு எடுத்துக்கிறான், அடுத்த தலைமுறை அதைவிடக் குறைஞ்ச கடல்ல இருந்து ஆரம்பிக்குது, அதனால மொத்த இழப்பு யாரு கண்ணுக்குமே தெரியறதில்லன்னு. ஷிஃப்டிங் பேஸ்லைன்னு சொல்றது இதைத்தான், நகர்ந்துக்கிட்டே இருக்கிற அளவுகோல்.

இது விஞ்ஞானிங்களுக்கு மட்டும் வர்ற பிரச்சினையும் கிடையாது. மெக்சிகோல கலிஃபோர்னியா வளைகுடாவுல மூணு தலைமுறை மீனவங்க 108 பேர்கிட்ட பேசி 2005ல ஒரு ஆய்வு வந்துச்சு. காணாமப்போன மீன் வகை எதெல்லாம்னு கேட்டா, வயசானவங்க சொன்ன எண்ணிக்கை இளைஞர்கள் சொன்னதைவிட அஞ்சு மடங்கு. ஒரே நாள்ல அதிகபட்சமா எத்தனை பெரிய களவா மீன் பிடிச்சீங்கன்னு கேட்டா இருபத்தஞ்சு மடங்கு வரைக்கும் வித்தியாசம். கடல் அதே கடல், தினமும் அதுலயே கிடக்கிறவங்க, ஆனாலும் தாத்தாவுக்குத் தெரிஞ்ச கடல் பேரனுக்குத் தெரியல.

இப்ப ஜமைக்கா கதைக்கு வர்றேன், பழைய ரெக்கார்டு இல்லாம ஒரு பாறைய பாத்தா எப்படி ஏமாந்துபோவோம்னு காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. 1970களோட கடைசில ஜமைக்கா பாறைகள்ல பாதிக்கு மேல உயிருள்ள பவளம். 1993 வாக்குல 5 சதவீதத்துக்கும் கீழ. அதே நேரத்துல பாசி 4 சதவீதத்துல இருந்து 92 சதவீதத்துக்குப் போயிடுச்சு. நடுவுல என்ன நடந்துச்சு? 1980ல ஆலன் சூறாவளி பாறைய அடிச்சு நொறுக்கிச்சு. 1983ல பனாமா பக்கம் ஆரம்பிச்ச ஏதோ ஒரு நோய் கரீபியன் முழுக்கப் பரவி, நீளமுள்ளு இருக்கிற கறுப்புக் கடல் முள்ளெலிய கிட்டத்தட்ட துடைச்சு எடுத்துருச்சு, பெரும்பாலான இடத்துல நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல செத்துப்போச்சு. முள்ளெலிதான் பாசிய மேஞ்சு பாறைய சுத்தமா வச்சிருந்துச்சு, அது போனதும் பாசி பவளத்த மூடிடுச்சு.

1970கள்ல இருந்து மட்டும் கதைய படிச்சா, புயல் ஒண்ணு, நோய் ஒண்ணு, ரெண்டும் இயற்கை, மனுஷனுக்கு சம்பந்தமில்ல, துரதிர்ஷ்டம்னு எழுதி முடிச்சிடலாம். ஆனா பவளப்பாறை விஞ்ஞானி டெர்ரி ஹியூஸ் 1994ல இதை எழுதினப்போ இன்னும் பின்னாடி போனார். 1960களோட கடைசிலயே அங்க மீனோட மொத்த எடை 80 சதவீதம் வரைக்கும் குறைஞ்சுபோச்சுன்னு பழைய மீன்பிடிக் கணக்கு சொல்லுது. பாசி மேயற கிளிமீன், அறுவை மீன் எல்லாம் ஏற்கெனவே போயாச்சு, முள்ளெலிய தின்ற மீனும் போயாச்சு. அதனாலதான் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முள்ளெலின்னு குவிஞ்சு கிடந்துச்சு. அதாவது 1970கள்ல ஆரோக்கியமா தெரிஞ்ச அந்தப் பாறை, பல தூண்ல நிக்க வேண்டியது ஒத்தைத் தூண்ல நின்னுக்கிட்டிருந்துச்சு, அந்தத் தூணும் சாஞ்சப்போ மொத்தமா உக்காந்துடுச்சு. புயல் அதுக்கு முன்னாடி ஆயிரம் தடவை வந்திருக்கும், பாறை திரும்பி வளந்திருக்கும். இந்தத் தடவை ஏன் வளரலங்கிறதுக்கு விடை சூறாவளில இல்ல, அதுக்கு முன்னாடி பல பத்து வருஷமா போட்ட வலையிலயும் கூண்டுலயும் இருக்கு.

இன்னும் பின்னாடி போனா என்ன இருந்துச்சுன்னு கேட்டவர் ஜெர்மி ஜாக்சன். ஜமைக்காவுல பல வருஷம் பாறை ஆராய்ச்சி பண்ணினவர், 1997ல கொலம்பஸ் காலத்துல இருந்து கரீபியன் பாறை என்ன ஆச்சுன்னு ஒரு கட்டுரை எழுதினார், அதுல பாதி வேலை பழைய எழுத்துக்களைப் படிக்கிறதுதான். கொலம்பஸ் 1503ல கேமன் தீவுகள் பக்கம் வந்தப்போ கடல்லயும் கரையிலயும் ஆமை நிறைஞ்சு கிடந்துச்சுன்னு அந்தத் தீவுகளுக்கு லாஸ் தோர்த்துகாஸ், ஆமைகள்னே பேர் வச்சாங்க. 1774ல ஜமைக்கா வரலாறு எழுதின எட்வர்ட் லாங், மூடுபனில திசை தெரியாம போன கப்பல்கள் ஆமைங்க நீந்துற சத்தத்தை வச்சே கேமன் தீவுக்கு வழி கண்டுபிடிச்சதா எழுதியிருக்கார். இந்த ஒரு வரிய நான் முதல்ல படிச்சப்போ கொஞ்ச நேரம் மேல படிக்க முடியல. சத்தம் கேட்டு கப்பல் ஓட்டுற அளவுக்கு ஆமைன்னா அது எவ்வளவு!

ஆனா இந்த மாதிரி ஒரு வரிய அப்படியே நம்பிடவும் கூடாது. மாலுமிங்க கூட்டிச் சொல்லுவாங்க, புதுசா கண்டுபிடிச்ச நாட்டுக்குப் பணம் போட ஆள் சேக்கணும்னா வளம் கொழிக்குதுன்னுதான் எழுதுவாங்க. அதனால கதையோட கணக்கையும் சேத்துப் பாக்குறாங்க. கேமன் தீவுல இருந்து ஜமைக்காவுக்கு ஆமை ஏத்திக்கிட்டுப் போன படகு எத்தனை, ஒரு படகுக்கு எத்தனை ஆமை, எத்தனை வருஷம் அப்படி எடுத்தும் தீராம இருந்துச்சு, எந்த வருஷத்துல இருந்து அங்க போறதையே விட்டுட்டு வேற தீவுப்பக்கம் போனாங்கன்னு. வருஷத்துக்கு ஆயிரக்கணக்குல எடுத்தும் பல பத்து வருஷம் ஓடியிருக்குன்னா அடில இருந்த மொத்தம் எவ்வளவா இருக்கணும்னு பின்னோக்கிக் கணக்குப் போடலாம். அப்படிப் போட்டா கரீபியன் முழுக்க பச்சை ஆமை கோடிக்கணக்குல இருந்திருக்கணும்னு வருது. வேற வேற ஆளுங்க வேற வேற முறைல போட்ட கணக்குல எண்ணிக்கை நிறைய மாறுது, ஆனா எப்படிப் போட்டாலும் இன்னைக்கு இருக்கிறதுக்குப் பக்கத்துல கூட வர்றதில்ல. வர்த்தகக் கணக்குப்புத்தகத்துல பொய் சொல்றவன்கூட வரிக்குப் பயந்து குறைச்சுதான் எழுதுவான், அதனால கதையும் கணக்கும் ஒரே பக்கம் சாயுதுன்னா நம்பிக்கை கூடுது.

கரீபியன் மங்க் சீல்ங்கிற கடல்நாயும் இதே மாதிரிதான். 1494ல கொலம்பஸோட ஆட்கள் எட்டு சீலைக் கொன்னதுல ஆரம்பிக்குது எழுத்து ரெக்கார்டு, 1952ல கடைசியா ஒருத்தர் உறுதியா பாத்ததோட முடியுது, 2008ல அமெரிக்க அரசு அழிஞ்சுபோச்சுன்னு அறிவிச்சிடுச்சு. லோரன் மெக்லெனகன், ஆண்ட்ரூ கூப்பர்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க பழைய குறிப்புகள்ல சீல் கூட்டம் எங்கெங்க சொல்லப்பட்டிருக்குன்னு தொகுத்து 13 பெரிய கூட்டம் இருந்திருக்கும், மொத்தம் 2,33,000ல இருந்து 3,38,000 வரைக்கும் இருந்திருக்கும்னு மதிப்பிட்டாங்க. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அடுத்த படிதான். இத்தனை சீல் உயிரோட இருக்கணும்னா அதுக்கு சாப்பிட எவ்வளவு மீன் வேணும்? கணக்குப் போட்டா, இன்னைக்கு சராசரி கரீபியன் பாறைல இருக்கிறதைப்போல நாலுல இருந்து ஆறு மடங்கு மீன் இருந்திருக்கணும். மீனை யாரும் எண்ணி வைக்கல, ஆனா மீனைத் தின்ன மிருகத்த எழுதி வச்சிருக்காங்க, அதுல இருந்து மீனுக்குப் போறாங்க.

சரி, இதெல்லாம் மிருகம். பவளத்தையே நேரா காட்டுற பழைய ரெக்கார்டு இருக்கான்னா, இருக்கு, கடல் சார்ட், அதாவது கப்பல் ஓட்டுறவங்களுக்கான வரைபடம். ஜார்ஜ் கால்டுன்னு ஒரு சர்வேயர், பிரிட்டிஷ் கடற்படைக்காக 1773ல இருந்து 1775 வரைக்கும் ஃபுளோரிடா கீஸ் தீவுகள சுத்தி அளந்தார். அந்தக் காலத்துல ஆழம் அளக்கிறது எப்படின்னா, கயிறு நுனில ஈயக்குண்டு கட்டி இறக்குவாங்க, குண்டோட அடில ஒரு குழி, அதுல மாட்டுக் கொழுப்பைத் தடவியிருப்பாங்க. அடில மணல் இருந்தா மணல் ஒட்டிக்கிட்டு வரும், சேறு இருந்தா சேறு, ஒண்ணும் ஒட்டாம அடிபட்ட தடம் மட்டும் இருந்தா பாறை, பவளத்துண்டு வந்தா பவளம். அதை அப்படியே ஆழத்தோட சேத்து சார்ட்ல எழுதுவாங்க. மாலுமிக்கு இது உயிர் போற விஷயம், நங்கூரம் எங்க பிடிக்கும், கப்பல் எங்க கிழியும்னு தெரியணும், அதனால அலட்சியமா எழுத மாட்டாங்க. நான் முன்னாடி சொன்ன "எதுக்காக எழுதினாங்க"ங்கிற கேள்விக்கு இங்க கிடைக்கிற பதில் நமக்கு ரொம்ப சாதகமா இருக்கு.

மெக்லெனகனும் ஜாக்சன், ஜான் பண்டோல்ஃபி உள்ளிட்ட கூட்டாளிங்களும் அந்த சார்ட்ட இன்னைக்கு இருக்கிற வரைபடத்தோட பொருத்தி, கால்டு பவளம்னு குறிச்ச ஒவ்வொரு இடத்துலயும் இப்ப என்ன இருக்குன்னு பாத்தாங்க, அந்த ஆய்வு 2017ல வந்துச்சு. கால்டு பவளம்னு குறிச்ச பரப்புல பாதிக்கு மேல, 52 சதவீதம், இன்னைக்குப் பவளமே இல்ல, மணலோ கடல்புல்லோதான். அதுலயும் கரைக்குப் பக்கத்துல கிட்டத்தட்ட 90 சதவீதம் போச்சு, ஆனா வெளிப்பக்கம் ஆழ்கடல் ஓரமா இருக்கிற பாறை பெரும்பாலும் இருந்த இடத்துலயே இருக்கு.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, நிறைய பேர் இதைத் தாண்டிப் போயிடறாங்க. சார்ட் சொல்றது "இங்க பவளம் இருக்கு, அங்க இல்ல" அவ்வளவுதான். அந்த இடத்துல எவ்வளவு சதவீதம் உயிரோட இருந்துச்சுன்னு அது சொல்லாது, ஈயக்குண்டுக்கு அது தெரியாது. அதனால இந்த 52 சதவீதம்ங்கிறது பாறைங்கிற இடமே காணாமப்போன கணக்கு. மிச்சம் இருக்கிற இடத்துக்குள்ள உயிருள்ள பவளம் குறைஞ்சது தனிக்கணக்கு, அதை இதுமேல சேக்கணும். இன்னைக்கு ஒரு டைவர் போய் "பாறைல பவளம் இவ்வளவு சதவீதம் குறைஞ்சிருக்கு"ன்னு சொல்லும்போது, அவர் போறதே இன்னும் பாறைன்னு தெரியற இடத்துக்குத்தான். மொத்தமா போன இடத்துக்கு யாரும் சிலிண்டர் கட்டிக்கிட்டுப் போய் மணலை அளக்கிறதில்ல. இருநூத்து நாப்பது வருஷத்து சார்ட் இல்லன்னா அங்க ஒரு பாறை இருந்துச்சுன்னே தெரிஞ்சிருக்காது.

போட்டோவுக்கு வருவோம். ஃபுளோரிடாவுல கீ வெஸ்ட்ல சுற்றுலாக்காரங்கள மீன்பிடிக்கக் கூட்டிட்டுப்போற படகுங்க திரும்பி வந்ததும் அன்னைக்குப் பிடிச்ச பெரிய மீன்கள துறைல ஒரு பலகைல மாட்டி, பக்கத்துல குடும்பத்தோட நின்னு போட்டோ எடுப்பாங்க. 1956ல இருந்து அங்க நூலகத்துல சேந்திருந்த போட்டோவையும் தானே 2007ல எடுத்த போட்டோவையும் வச்சு மெக்லெனகன் மீனோட நீளத்த அளந்தார். 1956 வாக்குல மாட்டியிருந்த மீனோட சராசரி எடை 19.9 கிலோ. 2007ல 2.3 கிலோ. பழைய போட்டோல ஆள் உயரத்துக்குக் களவாவும் சுறாவும் தொங்குது, புதுசுல முழங்கை நீளம்கூட இல்லாத மீனுங்க வரிசையா. அவங்க முகத்துல சந்தோஷம் மட்டும் ரெண்டு போட்டோலயும் ஒண்ணுதான், பயணத்துக்குக் குடுக்கிற காசும் விலைவாசிய கழிச்சுப் பாத்தா பெருசா மாறல. பாலி சொன்னது இதேதான், பலகைல மாட்டியாச்சு.

பெருமைக்கு எடுத்த போட்டோல பெரிய மீன்தானே இருக்கும், அதை வச்சு கடலை அளக்கலாமான்னு கேட்டா, நியாயமான கேள்வி. ஆனா 1956லயும் பெருசத்தான் மாட்டினாங்க, 2007லயும் பெருசத்தான் மாட்டினாங்க. சாய்வு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா, எண்ணிக்கை சரியில்லன்னாலும் மாற்றத்தோட திசை சரியா கிடைக்கும். பழைய ரெக்கார்டுல வேலை பாக்குறவங்க குறையே இல்லாத ரெக்கார்டைத் தேடி அலையறதில்ல, குறை மாறாம இருக்கிற ரெக்கார்டைத்தான் தேடுறாங்க.

போட்டோவால தடுக்கி விழுந்த இடமும் இருக்கு, அதையும் மறைக்கக்கூடாது. வில்லியம் சாவில்-கென்ட் 1890 வாக்குல கிரேட் பேரியர் ரீஃப்ல, தண்ணி வத்தின நேரத்துல பாறை மேல நின்னு எடுத்த போட்டோக்கள் ரொம்பப் பிரசித்தம். அதுல போவன் ஊர் பக்கத்துல ஸ்டோன் தீவுல எடுத்ததுல கண்ணுக்கெட்டுன தூரம் பவளம். நூறு வருஷம் கழிச்சு 1994ல அதே இடம்னு போய் எடுத்த போட்டோல வெறும் சேறும் உடைஞ்ச கல்லும். பாத்ததும் நெஞ்சு பதறும். ஆனா அந்த ரெண்டு போட்டோவும் "எப்போ", "ஏன்"னு சொல்லாது, நடுவுல நூறு வருஷம் இருக்கு. 1918ல அந்தப் பக்கம் பெரிய சூறாவளி வந்து, கொட்டின மழைத்தண்ணி பாறைமேல தேங்கி பவளத்தைக் கொன்னதுன்னு 1920கள்லயே எழுதி வச்சிருக்காங்க. அப்புறம் செத்த பவளத்துண்டுகள எடுத்து யுரேனியம்-தோரியம் முறைல வயசு பாத்தப்போ, நிறைய பவளம் இருபதாம் நூற்றாண்டோட முன்பகுதிலயே செத்திருக்குன்னு தெரிஞ்சுது. பழைய போட்டோ எடுத்த மத்த இடங்களுக்கும் போய்ப் பாத்தாங்க, சில இடத்துல மாற்றமே தெரியல, சில இடத்துல மொத்தமா போயிருந்துச்சு. அதனால ஒரு போட்டோ ஜோடிய எடுத்து மேடைல காட்டி மொத்த ரீஃபுக்கும் தீர்ப்பு சொல்றது எந்தப் பக்கத்துக்காரங்க செஞ்சாலும் தப்புதான்.

அப்போ மனுஷனுக்குப் பங்கே இல்லையான்னா, அதுக்குப் பாறையோட சொந்த டைரிய படிக்கணும். போரைட்டிஸ்னு ஒரு பவளம், பெரிய உருண்டையா, வருஷத்துக்கு சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும், நூத்துக்கணக்கான வருஷம் வாழும். அதுல துளை போட்டு நீளமா ஒரு கோர், அதாவது உருளையா ஒரு துண்டு எடுத்து, நீளவாக்குல பலகை மாதிரி அறுத்து எக்ஸ்ரே எடுத்தா, மரத்துல வளையம் மாதிரி வருஷத்துக்கு ஒரு ஜோடி பட்டை தெரியும். அது வருஷப் பட்டைதான்னு 1972ல உறுதி பண்ணினது பசிபிக் கடல்ல இருக்கிற எனிவெட்டாக் தீவுல, அங்க அமெரிக்கா அணுகுண்டு சோதனை பண்ணின வருஷங்கள்ல பவளத்துக்குள்ள கதிரியக்கம் பதிஞ்சிருந்துச்சு, அந்தப் பதிவ வச்சுப் பட்டைய எண்ணினா வருஷம் கச்சிதமா பொருந்திச்சு. ஆத்துல வெள்ளம் வந்த வருஷத்துப் பட்டை புற ஊதா வெளிச்சத்துல மினுங்கும். வண்டல்மண்ணோட வர்ற பேரியம்ங்கிற தனிமம் பவளத்தோட எலும்புக்கூட்டுல படியும்.

கிரேட் பேரியர் ரீஃப்ல பர்டெகின் ஆறு கலக்குற பக்கத்துல எடுத்த கோர்ல, 1750 வாக்குல இருந்து பேரியம் எவ்வளவுன்னு பாத்தாங்க, 2003ல வந்த ஆய்வு. 1870 வரைக்கும் வெள்ளம் வந்தாலும் வண்டல் பெருசா இல்ல. அதுக்கப்புறம் எகிறுது, அஞ்சுல இருந்து பத்து மடங்கு. அந்தப் பக்கம் ஐரோப்பியர்கள் குடியேறி ஆடுமாடு மேய்க்க ஆரம்பிச்ச காலம் அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான், கரைல மேய்ச்சல் நிலம் மொட்டையாப்போனது கடல்ல பவளத்துக்குள்ள எழுதியிருக்கு. அங்க இருந்து ரொம்பத் தூரமில்லாத பெலோரஸ் தீவுல செத்த பவளத்த தோண்டிப் பாத்தா, கிளைகிளையா வளர்ற அக்ரோபோரா ரொம்ப காலமா இருந்துட்டு 1920க்கும் 1955க்கும் நடுவுல விழுந்து, திரும்ப வரவே இல்ல. புயல் அடிச்சது உண்மை, ஆனா புயலுக்கு அப்புறம் எழுந்திருக்க முடியாம போனதுக்கு கலங்கின தண்ணிதான் பெரிய காரணமா இருக்கணும்னு நான் நினைக்கிறேன், ஜமைக்காவுல பாத்த அதே வடிவம்.

பனாமாவுல இன்னும் நுணுக்கமா போயிருக்காங்க. பாறைக்கு நடுவுல படிஞ்ச மண்ணுல குழாய் இறக்கி எடுத்து, அதுல கிளிமீன் பல்லு எத்தனைன்னு எண்ணினாங்க, 3,000 வருஷத்துக்கு. கிளிமீன் அதிகமா இருந்த காலத்துல பாறை வேகமா வளந்திருக்கு, குறைஞ்ச காலத்துல மெதுவா. அதே பகுதில சுறாத்தோல்ல இருக்கிற பொடிப்பொடி செதில, மண்ணுல உதிர்ந்து கிடக்கிறத எண்ணி, சில ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இருந்ததவிட சுறா 71 சதவீதம் குறைஞ்சிருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. எழுத்தே இல்லாத காலத்துக்கும் ரெக்கார்டு இருக்கு, எண்ணப் பொறுமை வேணும்.

இதுக்கு எதிர்ப்பக்கத்துல இருந்தும் ஒரு உதாரணம் சொல்லணும். ஃபுளோரிடாவோட டிரை டோர்ட்டுகாஸ் தீவுகள்ல அலெக்ஸாண்டர் அகாசி 1881ல பவளம் எங்கெங்க இருக்குன்னு வரைபடம் போட்டார். 1976ல திரும்ப அளந்தப்போ, பெரிய கொம்பு மாதிரி வளர்ற எல்க்ஹார்ன் பவளம் 44 ஹெக்டேர்ல இருந்து 600 சதுர மீட்டரா சுருங்கியிருந்துச்சு, மான்கொம்புப் பவளம் பெரும்பரப்புல செழிப்பா இருந்துச்சு. அளந்து முடிச்ச கொஞ்ச நாள்ல, 1977 குளிர்காலத்துல கடுங்குளிர் வந்து மான்கொம்புலயும் 90 சதவீதத்துக்கு மேல செத்துப்போச்சு. ஒரு வகை போய் இன்னொரு வகை வரும், குளிரும் கொல்லும், எல்லா மாற்றத்தையும் மனுஷன் தலைல போட முடியாது. ரெண்டே ரெண்டு தேதிய வச்சு நேர்கோடு போட்டா இந்த மாதிரி விஷயமெல்லாம் கோட்டுக்கு அடில மறைஞ்சுபோகும்.

இப்படி ஒவ்வொரு ரெக்கார்டும் அரைகுறையாத்தான் இருக்கும்ங்கிறதால, எல்லாத்தையும் சேத்துப் பாக்க ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ஜான் பண்டோல்ஃபியும் ஜாக்சனும் இன்னும் பலரும் சேந்து 2003ல வெளியிட்ட ஆய்வுல உலகம் முழுக்க 14 பகுதி எடுத்தாங்க. உயிரினங்கள பெரிய வேட்டை மிருகம், பெரிய தாவரம் தின்னி, சின்னது ரெண்டுலயும், பவளம், கடல்புல், தண்ணில மிதக்கிறத வடிகட்டித் தின்கிறதுன்னு ஏழு கூட்டமா பிரிச்சாங்க. மனுஷன் வர்றதுக்கு முன்னாடில இருந்து இன்னைக்கு வரைக்கும் காலத்த ஏழு கட்டமா பிரிச்சாங்க. ஒவ்வொரு கட்டத்துலயும் ஒவ்வொரு கூட்டமும் எந்த நிலைல இருந்துச்சு, தொடாம இருந்துச்சா, நிறைய இருந்துச்சா, குறைஞ்சுதா, அரிதாச்சா, இல்லவே இல்லையான்னு மட்டும் போட்டாங்க. துல்லியமான எண் கேக்கல, ஏன்னா பழைய ரெக்கார்டால அதைக் குடுக்க முடியாது, "நிறைய"வா "அரிது"வான்னு மட்டும் நம்பகமா சொல்ல முடியும். எனக்கு இதுதான் அந்த ஆய்வோட அழகு, ரெக்கார்டு தாங்கற எடைய மட்டும் அதுமேல வச்சாங்க.

வந்த முடிவு: எல்லாப் பகுதிலயும் வரிசை ஒண்ணுதான். பெரிய மிருகம் முதல்ல போகுது, அப்புறம் சின்னது, பவளமும் கடல்புல்லும் அதுக்கப்புறம். கரீபியன் பக்கம் முன்னாடி, செங்கடலும் ஆஸ்திரேலியாவும் பின்னாடி. நோயும், கடல் சூட்டுல பவளம் வெளுத்துப்போறதும் தலைகாட்டுறதுக்கு ரொம்ப முன்னாடியே பாறைகள் கணிசமா சீரழிஞ்சிருந்துச்சு.

இந்தக் கடைசி வரிய எடுத்துக்கிட்டு, "பாத்தீங்களா, கடல் சூடாகுறதுக்கு முன்னாடியே அழிஞ்சுது, அப்போ சூடு காரணமில்ல"ன்னு சிலர் வாதம் பண்றாங்க. எனக்கு இது நிஜமாவே வருத்தமா இருக்கு, ஏன்னா அதே மாதிரி வரலாற்று ரெக்கார்டுதான் இதுக்கு நேர் எதிரான விஷயத்தையும் சொல்லுது. பவளக் கோர்ல இருந்து கடல் வெப்பத்த 1618 வரைக்கும் பின்னாடி கணக்கிட்டு 2024ல ஒரு ஆய்வு வந்துச்சு, கிரேட் பேரியர் ரீஃப் இருக்கிற பவளக்கடல்ல 2024, 2017, 2020 கோடைகாலங்கள் நானூறு வருஷத்துல இல்லாத சூடு. பெலீஸ்ல மான்கொம்புப் பவளம் 1980கள்ல நோய்ல செத்து வேற வகை வந்தப்போ, கோர் எடுத்துப் பாத்தா குறைஞ்சது 3,000 வருஷத்துல அப்படி ஒண்ணு நடந்ததே இல்ல. மீனும் தண்ணியும் கெட்டுப்போனது பாறையோட எழுந்திருக்கிற சக்திய எடுத்துடுச்சு, சூடு அடிக்கடி கீழ தள்ளுது. ரெண்டையும் எதிரெதிரா நிறுத்துறவங்க ஜமைக்காவ திரும்பப் படிக்கணும்.

அழிவு மட்டும்தான் ரெக்கார்டுல கிடைக்கும்னு நினைச்சிடாதீங்க. ஹவாய் பாறைகளோட 700 வருஷ வரலாற்றைத் தொகுத்து 2011ல ஒரு ஆய்வு வந்துச்சு. மனுஷங்க குடியேறினதும் முதல்ல சரிவு, அப்புறம் 1400ல இருந்து 1820 வரைக்கும் பாறை மீண்டிருக்கு, அவ்வளவு ஜனம் அதுல இருந்தே சாப்பிட்டுக்கிட்டிருந்த காலத்துல! எந்த மாசம் எந்த மீன் தொடக்கூடாது, யாரு பிடிக்கலாம்னு அவங்ககிட்ட கடுமையான கட்டுப்பாடு இருந்துச்சு. ஜனம் வாழாத வடமேற்குத் தீவுகள்ல 1950க்கு அப்புறமும் மீட்சி தெரியுது. ஆக மேலே போற கோடும் இருக்கு, ஆனா அது தெரியணும்னா நூறு வருஷக் கணக்குல பாக்கணும், அஞ்சு வருஷ ப்ராஜெக்ட்ல தெரியாது.

நீங்களே இதுல இறங்கணும்னா ஒண்ணு மட்டும் சொல்றேன். ஒரு இடத்துக்கு ஒரே வகை ரெக்கார்டோட நிறுத்தாதீங்க, எழுத்து, வரைபடம், போட்டோ, பெரியவங்க நினைவு, கோர், குறைஞ்சது ரெண்டு வகையாவது ஒத்துப்போகணும். "எழுதல"ங்கிறத "இல்ல"ன்னு படிக்காதீங்க, தினம் பாக்கிறத யாரும் எழுதறதில்ல. மீன் பேர் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறும், சந்தேகமா இருந்தா அந்த வரிய விட்டுடுங்க. இடத்த உறுதி பண்ணாம மாற்றத்த பத்திப் பேசாதீங்க. இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் எனக்கு ஆல்ஃபிரட் மேயர் மேல அவ்வளவு மரியாதை. 1917ல அமெரிக்கன் சமோவாவுல பாகோ பாகோ துறைமுகத்துல, அவுவா கிராமத்து முன்னாடி கரைல இருந்து பாறையோட வெளிவிளிம்பு வரைக்கும் ஒரு கோடு போட்டு அதுல இருந்த பவளத்த எண்ணினார், அந்தக் கோடு எங்க இருக்குன்னு மத்தவங்க கண்டுபிடிக்கிற மாதிரி பதிவு பண்ணி வச்சார். 1973ல அதே கோட்டுக்கு ஆள் போனாங்க, அப்புறமும் பல தடவை போனாங்க, துறைமுகம் வளந்து பவளம் விழுந்ததும் அதுல இருக்கு, தண்ணி கொஞ்சம் தேறினதும் பவளம் திரும்ப வந்ததும் அதுல இருக்கு.